நாச்சம்மாளின் சீர் வண்டி

வண்டி பார்க்கப் போனால் போனவுடன் பானெட்டைத் திறக்காதீர்கள். வாகன சர்வேயர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி இதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு நஷ்டம் சொல்வதும், பழைய வண்டிகளுக்கு வயது சொல்வதும்தான் என் பிழைப்பு. தொண்ணூறுகளில் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே என் ஆபீஸ் இருந்தது. கீழே டவுன் பஸ்கள் ஓயாமல் ஹாரன் அடிக்கும். வருகிறவர்கள் ரகசியத்தைக்கூட கத்தித்தான் சொல்ல வேண்டும். அப்படி ஊருக்கே கேட்கும்படி சொல்லப்பட்ட ரகசியங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சத்தமும் டீசல் புகையும் இல்லாமல் இப்போது எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். உண்மைதான்.

கோயமுத்தூர் வண்டிக்கு வயது சொல்வது தனி வித்தை. வேறு ஊரில் ஒரு உதிரிபாகம் கிடைக்காவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். நம் ஊர்க்காரனுக்கு நிறுத்தத் தெரியாது. வார்ப்படம் போடுவான், லேத்தில் கடைவான், அதுவும் ஆகாவிட்டால் வேறு வண்டியின் எஞ்சினைத் தூக்கி இதில் வைப்பான். ஒரு முறை வேன் ஒன்றின் பானெட்டைத் திறந்தேன். உள்ளே கிணற்றில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் இருந்தது. வேன் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. உரிமையாளரிடம் கேட்டால், “ஓடுதுல்லங்க, அப்புறம் என்னங்க?” என்றார். பானெட்டை மூடிவிட்டேன்.

இப்போது குமாரசாமி கதைக்கு வருகிறேன்.

கருமத்தம்பட்டியில் தோட்டமும் தறிப்பட்டறையும் வைத்திருந்தவர் அவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு நாள் காலை படியேறி வந்து, நின்றபடியே கேட்டார்.

“ஏனுங்க, பழைய வண்டிக்கு வயசு சொல்றது நீங்கதானுங்களா?”

“ஆமாங்க. உட்காருங்க.”

“எம்.ஜி. வண்டிங்க. ரெண்டு பேர் உக்கார்ற இங்கிலீஷ் வண்டி. எங்கப்பா ஓட்டுனது. அது போருக்கு முந்துனதா, பிந்துனதான்னு தெரியோணும்.”

எதற்கு என்றேன். விற்கவா, பழைய கார் ஊர்வலத்தில் விடவா?

“எங்கத்தையைக் கல்யாணத்துக்குக் கூப்பிடறதுக்குங்க” என்றார்.

எனக்குப் புரியவில்லை. கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவர் முழுக்கதையையும் சொன்னார்.

அவருடைய அத்தை நாச்சம்மாள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வருஷங்களில் அந்த அம்மாளுக்குக் கல்யாணம். மகள் கார் ஓட்டுவாள் என்பதில் அவள் அப்பனுக்கு அத்தனை பெருமை. நகை, பாத்திரம், மாடுகளோடு ஒரு எம்.ஜி. வண்டியையும் சீராகக் கொடுத்து சோமனூருக்கு அனுப்பிவைத்தார். போர் வந்தது. பெட்ரோல் கிடைக்கவில்லை. வண்டியைப் பிறந்த வீட்டுச் சாளையில், அதாவது தோட்டத்துக் கொட்டகையில், கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்குள் அப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார். கிணறு வெட்டப் பணம் தட்டுப்பாடான நேரத்தில், அண்ணன்காரர் தங்கையை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வண்டியை நீலகிரி எஸ்டேட் ஒன்றுக்கு விற்றுவிட்டார். அந்த அண்ணன்தான் குமாரசாமியின் அப்பா.

நம் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்குக் கொடுத்த சீர் பெண்ணுடையது. பிறந்த வீட்டில் அது நின்றாலும் பிறந்த வீட்டாருடையது ஆகாது. நாச்சம்மாள் வந்து வாசலில் நின்று, “சீரை விக்கறவன் எனக்கு அண்ணனே இல்லை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

“எங்கப்பாவுக்கு அது பொறுக்கலைங்க. போர் முடிஞ்சப்புறம் சில வருசம் தேடி அலைஞ்சு, அந்த வண்டியையே திருப்பி வாங்கிப்போட்டார். அவரே சோமனூருக்கு ஓட்டிக்கிட்டுப் போய் அத்தை ஊட்டு வாசல்ல நிறுத்துனாராம். அத்தை வெளியவே வரலைங்க. ‘இது என்ற வண்டி இல்லை. வேற ஒண்ணைக் கொண்டாந்து ஏமாத்தப் பாக்கறான்’னு உள்ளிருந்தே சொல்லிப்போட்டாங்க. எங்கப்பாவும் வீம்புக்காரர். ஒருக்காச் சொல்லியாச்சு, இனி கெஞ்ச மாட்டேன்னு திரும்பிட்டார். அப்புறம் ரெண்டு பேரும் பேசவே இல்லைங்க. அப்பா செத்தப்ப அத்தை வந்தாங்க. பந்தலுக்கு வெளியவே நின்னாங்க. ஒரு வாய் தண்ணி குடிக்காம போயிட்டாங்க.”

தை மாதம் குமாரசாமியின் மகளுக்குக் கல்யாணம். அத்தை வராமல் பந்தக்கால் நட அவருக்கு மனமில்லை. போய்க் கேட்டதற்கு அந்த அம்மாள் ஒரே நிபந்தனைதான் போட்டிருக்கிறார்: “அது என்ற சீர் வண்டிதான்னு வெவரம் தெரிஞ்ச ஆளு வந்து சொல்லட்டும். வாரேன்.”

“சிக்கல் என்னன்னா, ஆர்.சி. புத்தகத்துல போருக்குப் பிந்தின வருசம்தான் போட்டிருக்குதுங்க” என்று குமாரசாமி தலையைச் சொறிந்தார். பிறகு மேஜைமேல் குனிந்து, “நீங்க எப்படியாச்சும் முந்துன வண்டின்னு சொல்லிப்போடுங்க. இதுல யாருக்குங்க நட்டம்?” என்றார்.

யாருக்கும் நட்டமில்லைதான். அதுதான் ஆபத்து. லாபத்துக்காகப் பொய் சொல்லச் சொல்கிறவனை வாசலோடு அனுப்பிவிடலாம். நல்ல காரியத்துக்காகக் கேட்கிறவனை என்ன செய்வது? உங்களுக்கும் இப்படி ஒருவர் வருவார். அப்போது நான் சொன்னதையே நீங்களும் சொல்லுங்கள். “வண்டியைப் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன்” என்றேன்.

மறுநாள் கருமத்தம்பட்டிக்குப் போனேன். சாளையின் கதவைத் திறந்ததும் நான் சிறிது நேரம் வேலையை மறந்து நின்றுவிட்டேன். கரும்பச்சை நிறம், நீண்ட மூக்கு, பெரிய கம்பிச் சக்கரங்கள், இரண்டு பக்கமும் அலைபோல இறங்கும் மட்கார்டு. குமாரசாமி வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து துடைத்து வைத்திருந்தார். அப்படி ஒரு அழகை அதற்குப் பிறகு வந்த எந்த வண்டியிலும் நான் பார்க்கவில்லை. வயதாகிவிட்டதால் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரிசையில் போருக்கு முன்னால் வந்தது டி.ஏ. அதையடுத்துக் கொஞ்ச காலம் டி.பி. போர் முடிந்தபின் வந்தது டி.சி. பார்வைக்கு மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பிரித்துச் சொல்ல சில அடையாளங்கள் உண்டு. ஏறும்போது கால் வைக்கிற ஃபுட்போர்டில் முந்தைய வண்டிகளுக்கு மூன்று பட்டைகள் ஓடும், பிந்தையதற்கு இரண்டு. பார்த்தேன். ஃபுட்போர்டே புதிது, நம் ஊர்த் தகட்டில் அடித்தது. பிந்தைய வண்டி உள்ளே இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கும். ஆனால் இதன் உடம்புக்குள் இருக்கும் மரச்சட்டம் முழுவதையும் நம் ஊர் ஆசாரி மாற்றியிருந்தார். அவர் எந்த அளவுக்கு இழைத்தார் என்று யாருக்குத் தெரியும்? வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் முன்முனையில் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் எப்போதோ அடிபட்டு, வெல்டிங் வைத்து மூடியிருந்தது.

கடைசியாகத்தான் பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் டி.சி.யுடையது. ஆர்.சி. புத்தகம் சொன்னதும் அதைத்தான்.

குமாரசாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னங்க, சரியா வரலைங்களா?” என்றார். அந்த நேரத்தில் முடிவு சொல்லியிருந்தால் இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, டி.சி. என்று சொல்லி அந்த மனுஷனை நொறுக்கியிருப்பேன். அல்லது மனமிரங்கிப் பொய் சொல்லியிருப்பேன். இரண்டுக்கும் அவசரம்தான் காரணமாக இருந்திருக்கும். எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்தால் கணக்கு தப்பும். “கொஞ்ச நேரம் அக்கட்டப் போய் நில்லுங்க” என்று அவரை விரட்டினேன். வேலை நேரத்தில் எனக்குக் கோபம் சட்டென்று வரும். என்னிடம் வேலை பார்த்தவர்கள் இதற்குச் சாட்சி.

தனியே உட்கார்ந்து யோசித்தேன். எஞ்சினை மாற்றலாம், மரத்தை மாற்றலாம், தகட்டை மாற்றலாம். எதை மாற்ற எந்தப் பட்டறைக்காரனும் மெனக்கெட மாட்டான்? ஓடுவதற்கு எது இடைஞ்சல் செய்யவில்லையோ அதை. ஒரு சாக்கை விரித்துப் போட்டு வண்டிக்கு அடியில் புகுந்தேன்.

பட்டை ஸ்பிரிங்கின் பின்முனை சேஸிஸோடு சேருகிற இடத்தைத் தேடினேன். போருக்குப் பிந்தைய வண்டியில் அந்த முனை ஷேக்கிளில், அதாவது ஊஞ்சல் போல ஆடுகிற ஒரு சின்ன இணைப்பில் தொங்கும். முந்தைய வண்டியில் ஷேக்கிள் கிடையாது. ஸ்பிரிங்கின் முனை ஒரு உருளைக்குள் செருகியிருக்கும், வண்டி குதிக்கும்போது அதற்குள்ளேயே முன்னும் பின்னும் சறுக்கும். இதை மாற்ற வேண்டுமென்றால் சேஸிஸையே வெட்ட வேண்டும். பல வருஷத்துக் கிரீஸும் மண்ணும் களிபோல அப்பியிருந்தன. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஷேக்கிள் இல்லை. உருளைதான். மற்ற மூலைகளையும் சுரண்டினேன். எல்லாம் உருளை.

அடியில் படுத்தபடியே நான் சிரித்தேன். என் சட்டை அன்றோடு போயிற்று. ஆனால் அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறது.

அன்றைக்கு மத்தியானமே குமாரசாமியின் காரில் சோமனூருக்குப் போனோம். தெரு முழுக்கத் தறிச்சத்தம். நாச்சம்மாளுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். குள்ளமான, விறைப்பான உடம்பு. நாங்கள் இறங்கி உள்ளே போவதற்கு முன்பே குரல் வந்தது.

“ஏன்டா சாமி, உன்ற வண்டி சைலன்சர்ல ஓட்டை உழுந்துருக்குது. மாத்தோணும்னு தோணலையா?”

அத்தனை தறிச்சத்தத்துக்கு நடுவே கேட்ட காது அது. என்னை மேலும் கீழும் பார்த்தார். கிரீஸ் படிந்த சட்டையைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது.

“ஏனுங் தம்பி, பாத்தீங்களா? இவன் சொல்லிக் கொடுத்ததைச் சொல்ல வேண்டாமுங்க. நீங்க பாத்ததைச் சொல்லுங்க.”

“வண்டியோட சேஸிஸ் போருக்கு முந்தினதுங்கம்மா. டி.ஏ.வோ டி.பி.யோ, ரெண்டும் போருக்கு முந்தினதுதான். அதுல சந்தேகமில்லை. ஆனா எஞ்சின் போருக்குப் பிந்தினது. வேற வண்டியிலிருந்து எடுத்து வெச்சிருக்காங்க. ஆர்.சி. புத்தகத்துல எஞ்சினை வெச்சு வருஷம் போட்டுட்டாங்க.”

“அப்ப அது என்ற வண்டிதானுங்களா?”

குமாரசாமி என் காலைத் தன் காலால் அழுத்தினார். ஒரு ஆமாம் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்த மாடல் வண்டி நம் ஜில்லாவில் எத்தனை இருந்திருக்கும்? நியாயமாகப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ‘இருக்கும்’ என்பது வேறு, ‘இது’ என்பது வேறு. வண்டிக்கு வயது சொல்ல எனக்குத் தெரியும். அது யார் வாழ்க்கையில் ஓடிய வண்டி என்பதை இரும்பு எனக்குச் சொல்லாது.

“அதை நான் சொல்ல முடியாதுங்கம்மா. உங்க கல்யாணத்துக்குக் கொடுத்த அதே மாதிரி வண்டி, அதே காலத்து வண்டி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

குமாரசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னங்க நீங்க, அத்தனை தூரம் வந்து...” என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் கையை உயர்த்தி அவரை அடக்கினார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“எஞ்சினை மாத்துனா சத்தம் மாறுமுங்களா, தம்பி?”

“மாறுமுங்கம்மா. முழுக்க மாறிடும்.”

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கண்ணன் கொண்டாந்து நிறுத்துனப்ப நான் சமையக்கட்டுல இருந்தேன். என்ற வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? தூக்கத்துல கேட்டாக்கூட சொல்லுவேன். அது வேற சத்தம். அதான் வெளிய வரலை. சத்தத்தை வெச்சுத்தான் சொன்னேன் தம்பி. வண்டியை நான் பாக்கவே இல்லை.”

தொழிலில் நாங்கள் எஞ்சின் நம்பரைப் பார்த்து ஏமாறுவோம். அந்த அம்மாள், எஸ்டேட்டில் யாரோ மாற்றி வைத்த எஞ்சினைக் காதால் கேட்டு ஏமாந்திருந்தார். வண்டியை அறியாதவராக இருந்திருந்தால் எழுந்துவந்து பார்த்திருப்பார். நன்றாக அறிந்திருந்ததுதான் வினையாகிப்போனது.

கொஞ்சம் கழித்து அவர் குமாரசாமியின் பக்கம் திரும்பினார்.

“கண்ணு, அந்த வண்டிப் பெடல்ல கட்டை எதாச்சும் இருக்குதா?”

“அந்த மரக்கட்டைங்களா அத்தை? மூணு பெடல்லயும் இருக்குதுங்க. பெரிய ரோதனைங்க. ஓட்டுனா முட்டி ஸ்டியரிங்ல இடிக்கும். எங்கப்பாவுக்கு ஆறடி ஒசரமில்லைங்களா, காலை மடக்கி வெச்சு ஓட்டி ஓட்டி முட்டி வலியே வந்துபோச்சு. கழட்டிப்போடலாம்னு மெக்கானிக் எத்தனையோ தடவை சொன்னாருங்க. ‘அது அங்கயே இருக்கட்டும், தொட வேண்டாம்’னு அப்பா சத்தம் போடுவார்.”

கட்டைகளை நானும் பார்த்திருந்தேன். எந்த மாடலுக்கும் அப்படி ஒன்று கிடையாது என்பதால் என் கணக்கில் சேர்க்கவில்லை.

நாச்சம்மாள் அழவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலை குனிந்தார். பிறகு சொன்னார்: “எனக்குக் கால் எட்டாதுன்னு எங்கப்பன் ஆசாரியைக் கூப்பிட்டு வெச்சுக் கொடுத்தது. எடு சாமி வண்டியை. போலாம்.”

அப்படித்தான் அவர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குள் போகும் முன் நேராகச் சாளைக்கு நடந்தார். மருமகன் கையைப் பிடித்து வண்டியில் ஏறி, ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார். கால்களை நீட்டினார். இரண்டு பாதங்களும் கட்டைகள் மேல் பொருந்தி உட்கார்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்ல வெட்கமில்லை. குமாரசாமி தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

அந்த அம்மாள் சாவியைத் திருகி, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். எஞ்சின் இரண்டு முறை முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, கண்ணை மூடி, வெகுநேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“சத்தம் நல்லாத்தான் இருக்குதுங்க, தம்பி” என்றார் என்னிடம். “அன்னிக்கு ஒரு எட்டு வெளிய வந்து பாத்திருக்கலாம். எங்கண்ணன் வாசல்லயே நின்னுட்டு இருந்தான்.”